ஒன்றாக ஓட வேண்டிய பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றனவா? ஸ்விஃப்டில் செயலி எழுதத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் எழுதிய ஐபோன் செயலி ஒன்றின் முகப்புத் திரையில் பயனர் விவரம், ஆர்டர் பட்டியல், அறிவிப்புகள் என்று மூன்று பகுதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சர்வரிலிருந்து கொண்டுவர ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கும்படி எழுதியிருப்பதாக நீங்கள் நம்புகிறீர்கள். ஆனால் திரை நிரம்ப மூன்று நொடிகள் ஆகின்றன. கம்பைலர் பிழை எதுவும் காட்டுவதில்லை, செயலியும் முடங்குவதில்லை. எதையும் உடைக்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் கோளாறு என்பதால், எங்கே தேடுவது என்றே தெரியாமல் பலர் நெடுநேரம் அலைகிறார்கள். நானும் அப்படி அலைந்த பிறகு, தேட வேண்டிய இடங்களை எளியதிலிருந்து கடினமானதை நோக்கி இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பது ஒரு வகைப் பணி. படத்தைச் சுருக்குவது, சர்வர் அனுப்பும் பெரிய ஜேசான் தரவைப் பிரித்துப் படிப்பது போன்ற கணக்குவேலை மற்றொரு வகை. ஆயிரம் பணிகள் ஒரே த்ரெட்டில் (சிபியூ நிரலை ஓட்டும் ஒரு தடத்தில்) ஒன்றாகக் காத்திருக்க முடியும். கணக்குவேலையோ ஒரே த்ரெட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். உங்கள் பணி எந்த வகை என்று தெரியாமல் மருந்து தேடக் கூடாது.

1. கையில் வைத்திருக்க வேண்டியவை

செயலி எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடும் அதனுடன் வரும் அளவீட்டு மென்பொருளான இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் இலவசம். உங்கள் சொந்த ஐபோனில் செயலியை ஏற்றிச் சோதிக்கக் கட்டணமில்லாத ஆப்பிள் கணக்கே போதும். அப்படி ஏற்றிய செயலி 7 நாட்களில் காலாவதியாகும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 99 டாலர் செலுத்தும் டெவலப்பர் திட்டம், சோதனைப் பதிப்புகளைப் பகிரும் டெஸ்ட்ஃப்ளைட்டுக்கோ ஆப் ஸ்டோருக்கோ அனுப்பும்போதுதான் தேவைப்படும். இந்தக் கோளாற்றைத் தேடுவதற்காக மட்டும் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

ஆவணங்களில், மொழியின் மாற்றங்களை முன்வைக்கும் ஸ்விஃப்ட் எவல்யூஷன் முன்மொழிவுகளுள் ஆறு உங்களுக்கு உதவும்: டாஸ்க்குகளின் (தனித்து ஓடும் பணிகளின்) கட்டமைப்பைச் சொல்லும் எஸ்இ-0304, ஒரு நேரத்தில் ஒரே பணியை உள்ளே விட்டுத் தரவைக் காக்கும் ஆக்டர்களைப் பற்றிய எஸ்இ-0306, ஒரு பணியை இணையாகத் தொடங்கிவைக்கும் அசிங்க் லெட்டைப் பற்றிய எஸ்இ-0317, ஃபங்ஷன் எந்த இடத்தில் ஓடும் என்பதை வரையறுக்கும் எஸ்இ-0338, அந்த விதியைப் பின்னர் மாற்றிய எஸ்இ-0461, மாட்யூல் முழுவதையும் மெயின் ஆக்டரில் வைக்க வழிசெய்யும் எஸ்இ-0466. நேரம் குறைவாக இருந்தால் கடைசி மூன்றை மட்டுமாவது படியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குக் காரணம் அவற்றில்தான் இருக்கிறது.

பிறகு, உங்கள் ப்ராஜெக்டைப் பற்றிய நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எக்ஸ்கோட் பதிப்பு, ஸ்விஃப்ட் மொழி முறை 5ஆ 6ஆ என்பது, பில்ட் செட்டிங்ஸில் உள்ள ‘டீஃபால்ட் ஆக்டர் ஐசோலேஷன்’ மதிப்பு, ‘அப்ரோச்சபிள் கான்கரன்சி’ இயக்கப்பட்டிருக்கிறதா என்பது (கடைசி இரண்டின் பொருள் 4ஆவது படியில் வரும்). ஒரே நிரல் இந்த அமைப்புகளைப் பொறுத்து வெவ்வேறு விதமாக ஓடும் என்பதால், இவற்றைச் சொல்லாமல் யாரிடம் உதவி கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது.

2. ஊகிப்பதற்கு முன் அளந்துவிடுங்கள்

ஒவ்வொரு பணியின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கன்டினியூவஸ்க்ளாக் போதும். ஓஎஸ் சைன்போஸ்டரைப் பயன்படுத்தினால் அதே பதிவுகள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் பட்டைகளாகத் தெரியும். மொத்த நேரத்தை மட்டும் அளப்பது பயனற்றது. தொடக்கங்கள் எங்கே விழுகின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

மூன்று பணிகளின் தொடக்கங்கள் 0.00, 1.02, 2.05 என்று விழுந்து, ஒவ்வொரு தொடக்கமும் முந்தைய பணியின் முடிவோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வரிசை உங்கள் நிரலுக்குள் இருக்கிறது. 3 முதல் 6 வரையுள்ள படிகளில் விடை கிடைக்கும். மூன்றும் 0.00 அருகே ஒன்றாகத் தொடங்கி, முடிவுகள் மட்டும் 1, 2, 3 என்று விலகி விழுந்தால், பணிகள் ஒன்றாகப் புறப்பட்டுப் பிறகு எங்கோ ஓரிடத்தில் வரிசையில் நிற்கின்றன. 4ஆவது, 5ஆவது, 7ஆவது படிகளுக்குச் செல்லுங்கள். இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கணக்குவேலையை அளக்கும்போது ரிலீஸ் பில்டில், உண்மையான கருவியில் அளக்க வேண்டும். சிமுலேட்டர் உங்கள் மேக்கின் சிப்பைப் பயன்படுத்துகிறது. டீபக் பில்டில் கம்பைலரின் மேம்படுத்தல்கள் இல்லை. அந்த எண்களை வைத்துக்கொண்டு முடிவெடுத்தால், இல்லாத கோளாற்றைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். போதாததற்கு, ஐஓஎஸ் 15 காலத்துச் சிமுலேட்டர்களில் ஸ்விஃப்டின் த்ரெட் தொகுப்பே மிகவும் சுருக்கப்பட்டிருந்ததால், கருவியில் இணையாக ஓடிய நிரல் அங்கே வரிசையாக ஓடியது.

3. அவெயிட் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

புதியவர்களின் நிரலில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கும். ஒரு ஃபங்ஷனை அசிங்க் (இடையில் காத்திருக்கக்கூடியது) என்று குறியிட்டதாலேயே அது பின்னணியில் ஓடத் தொடங்கிவிடாது. மூன்று அழைப்புகளை மூன்று வரிகளில், ஒவ்வொன்றின் முன்னும் ‘விடை வரும் வரை காத்திரு’ என்று பொருள்படும் அவெயிட் போட்டு எழுதினால், முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும். மொழி அப்படித்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஃபார் சுழலுக்குள் அவெயிட் எழுதினாலும் இதே கதைதான்.

பணிகளின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தால் அசிங்க் லெட்டைப் பயன்படுத்துங்கள். மூன்று அசிங்க் லெட் வரிகளையும் முதலில் எழுதிவிட்டு, அவற்றுக்குப் பிறகு மூன்றின் விடைகளையும் அவெயிட் செய்ய வேண்டும். ஓர் அசிங்க் லெட்டை எழுதி அடுத்த வரியிலேயே அதை அவெயிட் செய்து, பிறகு இரண்டாவதை எழுதினால், பழைய நிலைக்கே திரும்பிவிடுவீர்கள்.

இதைவிடக் கண்ணுக்குத் தப்பும் பொறி ஒன்று உண்டு: ஃபார் சுழலின் உடலுக்குள் அசிங்க் லெட் எழுதுவது. அசிங்க் லெட்டால் பிறந்த பணி, தான் பிறந்த அடைப்புக்குறியைத் தாண்டி வாழ முடியாது. சுழலின் ஒவ்வொரு சுற்றும் முடியும் முன் அந்தப் பணி முடிந்தாக வேண்டும். விடையை நீங்கள் கேட்காமல் விட்டால், பணியை ரத்து செய்யும்படி குறிப்புக் காட்டிவிட்டு அது முடியும் வரை ஸ்விஃப்டே காத்திருக்கும். ஆகவே பார்ப்பதற்கு இணையாகத் தோன்றும் அந்தச் சுழல் உண்மையில் வரிசையாகவே ஓடும்.

எண்ணிக்கை தெரியாதபோது, பல பணிகளைத் திறந்து அவற்றின் விடைகளைத் திரட்டும் டாஸ்க் குரூப் வேண்டும். இங்கேயும் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது: ஒரு பணியைச் சேர்த்தவுடனேயே அதே சுழலில் குரூப்பின் அடுத்த விடையைக் கேட்பது. சேர்ப்பதற்கு ஒரு சுழல், விடைகளைத் திரட்டுவதற்கு வேறொரு சுழல் என்று பிரித்து எழுதுங்கள். விடைகள் முடிந்த வரிசையில்தான் வரும், சேர்த்த வரிசையில் வராது. படங்களைத் திரையில் பழைய ஒழுங்கில் காட்ட வேண்டுமானால், ஒவ்வொரு விடையோடும் அதன் வரிசை எண்ணையும் சேர்த்தே திருப்பி அனுப்புங்கள்.

4. பணி மெயின் ஆக்டரில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதியுங்கள்

என் அனுபவத்தில் அதிக நேரத்தை விழுங்கும் படி இது. 3ஆவது படியில் சொன்னவை அனைத்தும் சரியாக இருந்தும், கணக்குவேலை வரிசையாகவே ஓடி, திரையை விரலால் தள்ளும்போது திக்கித் திக்கி நகர்ந்தால், சந்தேகப்பட வேண்டிய இடம் மெயின் ஆக்டர். திரையைத் தொடும் நிரல் அனைத்தும் ஓடும் மெயின் த்ரெட்டின் காவலர் அது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பணியைத்தான் உள்ளே விடும்.

திரைக்கு வேண்டிய தரவை வைத்திருக்கும் வ்யூ மாடல் கிளாஸுக்கு மெயின் ஆக்டர் குறியிட்டிருந்தால், அதன் ஃபங்ஷன்கள் அனைத்தும் மெயின் ஆக்டருக்கு உரியவை. அந்தக் கிளாஸுக்குள் டாஸ்க் என்று எழுதித் திறக்கும் அடைப்புக்குறியும், சுற்றியுள்ள ஆக்டரை அப்படியே சுவீகரித்துக்கொள்ளும். எனவே பத்து டாஸ்க்குகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு படத்தைச் சுருக்கினால், பத்தும் மெயின் த்ரெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். காத்திருக்கும் பணியாக இருந்தால் இது தெரியவே வராது, ஏனென்றால் அவெயிட்டில் நிற்கும் டாஸ்க் த்ரெட்டை விட்டுக்கொடுத்துவிடுகிறது. சர்வரிலிருந்து பதில் பெறும்போது எல்லாம் சரியாக இருந்த நிரல், வந்த பதிலைப் பிரித்துப் படிக்கும்போது மட்டும் வரிசையாவதற்குக் காரணம் இதுதான்.

டாஸ்க் குரூப்பில் சேர்க்கும் அடைப்புக்குறி அப்படிச் சுவீகரிப்பதில்லை. அது ஆக்டருக்கு வெளியே தொடங்கும். ஆனால் அதற்குள்ளிருந்து நீங்கள் அழைக்கும் ஃபங்ஷன் மெயின் ஆக்டருக்கு உரியதாக இருந்தால், ஒவ்வொரு பணியும் மறுபடி மெயின் த்ரெட்டுக்கே ஓடிவந்து அங்கே வரிசையில் நிற்கும். பணியைத் திறந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கடைசியில் கணக்குவேலையைச் செய்யும் ஃபங்ஷன் யாருக்கு உரியது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இப்போது பதிப்புகளைப் பற்றிய எச்சரிக்கை. ஸ்விஃப்ட் 5.7 முதல், எந்த ஆக்டருக்கும் உரியதல்லாத அசிங்க் ஃபங்ஷன், யார் அழைத்தாலும் பொதுவான த்ரெட் தொகுப்பில் ஓடியது. 2025 செப்டம்பரில் வந்த ஸ்விஃப்ட் 6.2, இந்த விதியை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தது: அப்ரோச்சபிள் கான்கரன்சி இயக்கப்பட்ட ப்ராஜெக்டில் அத்தகைய ஃபங்ஷன், தன்னை அழைத்தவரின் ஆக்டரிலேயே ஓடும். மெயின் ஆக்டரிலிருந்து அழைத்தால் மெயின் த்ரெட்டிலேயே ஓடும். அதோடு, எக்ஸ்கோட் 26இல் புதிதாகத் தொடங்கும் செயலி ப்ராஜெக்டுகளில் இந்த அமைப்பும், எதையும் குறிக்காத நிரல் அனைத்தையும் மெயின் ஆக்டருக்கு உரியதாக்கும் டீஃபால்ட் ஆக்டர் ஐசோலேஷன் அமைப்பும் தாமாகவே இயக்கப்பட்டிருக்கின்றன. பழைய ப்ராஜெக்டை எக்ஸ்கோட் 26இல் திறந்தால் அவை தாமாக மாறுவதில்லை. தனி நூலகங்களாக வைக்கும் ஸ்விஃப்ட் பேக்கேஜ்களிலும் நீங்களாகக் கேட்டாலொழிய இல்லை.

இதன் விளைவைக் கண்ணெதிரே பார்க்க ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பேக்கேஜ் ஒன்றில் இருக்கும் படம் சுருக்கும் ஃபங்ஷனை, ஒரு வரியும் மாற்றாமல் எக்ஸ்கோட் 26இல் தொடங்கிய செயலியின் டார்கெட்டுக்குள் நகர்த்துங்கள். பேக்கேஜில் இருந்தபோது இணையாக ஓடிய அதே ஃபங்ஷன் இப்போது மெயின் ஆக்டரின் வரிசையில் நிற்கும். 2022இல் எழுதப்பட்ட விளக்கத்தைப் படித்துவிட்டு 2025க்குப் பிந்தைய ப்ராஜெக்டில் எழுதுகிறவர்கள் குழம்புவதும் இதனால்தான்.

உறுதி செய்யும் வழி எளிது. கணக்குவேலை நடக்கும் வரியில் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தி, இடப்பக்கப் பட்டியலில் அது ‘த்ரெட் 1’இன் கீழ் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது மெயின் த்ரெட்.

திருத்தம் இதுதான்: கணக்குவேலையை மட்டும் தனி ஃபங்ஷனாகப் பிரித்தெடுங்கள், அது வ்யூ மாடலின் எந்த மாறியையும் தொடாமல், வேண்டியதை உள்ளீடாக வாங்கி விடையைத் திருப்பித் தரட்டும். ஸ்விஃப்ட் 6.2 ஆனால் அந்த ஃபங்ஷனை அசிங்க் ஆக்கி கான்கரண்ட் குறியிடுங்கள். அதற்கு முந்தைய பதிப்பானால் அசிங்க் ஆக்கி நான்ஐசோலேட்டட் என்று குறியிட்டாலே போதும். உள்ளே போகும் தரவும் வெளியே வரும் தரவும் சென்டபிள் (த்ரெட்டுகளுக்கு இடையே பாதுகாப்பாக அனுப்பக்கூடிய) ஸ்ட்ரக்ட்டுகளாக இருந்தால் கம்பைலர் தடுக்காது.

சுற்றியுள்ள எதனோடும் இணையாத பணியைத் திறக்கும் டாஸ்க் டிடாச்டைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டு இந்தக் கோளாற்றை மறைக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அது மெயின் ஆக்டரை விட்டு வெளியேறும் என்பது உண்மை. ஆனால் பயனர் திரையை மூடியபோது வர வேண்டிய ரத்துக் குறிப்பு அதற்குத் தாமாக வராது, முன்னுரிமையும் வராது. யாருக்கும் வேண்டாத படங்களைச் சுருக்கிக்கொண்டு பேட்டரியைத் தின்னும். சுழலுக்குள் டாஸ்க் யீல்டைச் செருகுவதும் தீர்வல்ல. அது மற்ற பணிகளுக்கு இடையிடையே வழிவிடுமே தவிர, மொத்த நேரத்தைக் குறைக்காது.

5. உங்கள் சொந்த ஆக்டர்களுக்குள் பாருங்கள்

படங்களைச் சேமித்து வைக்கும் கேஷை ஆக்டராக எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் படத்தை டீகோட் செய்யும் வேலையையும் அதற்குள்ளேயே வைத்தால், ரேஷன் கடையில் பில் போடுபவரே அரிசியும் அளந்து போடுவதைப் போல, எத்தனை பேர் வந்தாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். கேஷின் அகராதியில் (டிக்ஷனரியில்) தேடுவதும் எழுதுவதும் மட்டும் ஆக்டருக்குள் இருக்கட்டும். டீகோட் செய்வதை 4ஆவது படியில் சொன்னதுபோல் வெளியே அனுப்புங்கள்.

வெளியே அனுப்பியவுடன் எதிர்ப்பக்கப் பொறி ஒன்று திறக்கும். ஆக்டருக்குள் அவெயிட் வரும் இடத்தில் அடுத்த அழைப்பு உள்ளே நுழையலாம். அதனால் ஒரே படத்தை இருவர் கேட்டால் இருமுறை பதிவிறக்கம் நடக்கும். விடைக்குப் பதிலாக, நடந்துகொண்டிருக்கும் டாஸ்க்கையே அகராதியில் வைத்துவிட்டால் இரண்டாமவர் அதே டாஸ்க்குக்காகக் காத்திருப்பார்.

6. த்ரெட்டைப் பிடித்து வைத்திருக்கும் அழைப்புகளை நீக்குங்கள்

ஸ்விஃப்டின் பொதுத் த்ரெட் தொகுப்பு, கருவியின் சிபியூ கோர்களின் எண்ணிக்கையை ஒட்டியே த்ரெட்டுகளை வைத்திருக்கும். ஐபோன் 15இல் 6 கோர்கள் உள்ளன. அவெயிட் செய்யாமல் த்ரெட்டை அப்படியே நிறுத்தும் அழைப்பு ஒவ்வொன்றும் அவற்றில் ஒன்றை முடக்கும். ஒரு நொடி நிறுத்தும் அத்தகைய 12 பணிகள் ஒரு நொடிக்குப் பதிலாக இரண்டு நொடிகள் எடுத்துக்கொள்ளும். செமஃபோர் வெயிட், த்ரெட் ஸ்லீப், இணைய முகவரியைக் கொடுத்து டேட்டாவை நேரடியாகப் படிக்கும் அழைப்பு ஆகியவற்றை நிரல் முழுவதும் தேடுங்கள். சோதனைக்காகத் தாமதம் வேண்டுமென்றால் டாஸ்க் ஸ்லீப்பைப் பயன்படுத்துங்கள். த்ரெட் ஸ்லீப்பை வைத்துச் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது.

பழைய நூலகம் ஒன்று த்ரெட்டை நிறுத்தியே தீருமென்றால், அதைப் பணிகளை வாங்கி ஓட்டும் ஒரு டிஸ்பேட்ச் க்யூவில் ஓட்டி, விடை வந்ததும் அவெயிட்டைத் தொடரவைக்கும் கன்டினியூவேஷன் வழியாக விடையைக் கொண்டுவாருங்கள். அப்போது மறக்கக் கூடாத ஒன்று: பெயர் மட்டும் கொடுத்து உருவாக்கிய டிஸ்பேட்ச் க்யூ இயல்பாகவே வரிசையாகத்தான் ஓடும். கான்கரண்ட் என்ற பண்பைச் சேர்த்தால்தான் இணையாக ஓடும். ஆபரேஷன் க்யூவானால், அதன் உச்ச எண்ணிக்கை 1 என்று யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எக்ஸ்கோடில் செயலியை ஓட்டும் அமைப்பான ஸ்கீமின் சூழல் மாறிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். லிப்டிஸ்பேட்ச் கோஆப்பரேட்டிவ் பூல் ஸ்ட்ரிக்ட் என்ற மாறி 1 என்று இருந்தால், த்ரெட் தொகுப்பை வேண்டுமென்றே இறுக்கிச் சோதிக்க முன்பு யாரோ வைத்தது இன்னும் அங்கேயே இருக்கிறது.

7. வரிசை செயலிக்கு வெளியே இருக்கிறதா?

தொடக்கங்கள் ஒன்றாகவும் முடிவுகள் விலகியும் விழுந்தால் இங்கே வாருங்கள். இணையக் கோரிக்கைகளை அனுப்பும் யூஆர்எல் செஷன், ஐஓஎஸில் ஒரு சர்வருக்கு இயல்பாக 4 இணைப்புகளைத்தான் திறக்கும். சர்வர் இணைய நெறிமுறையின் பழைய பதிப்பான எச்டிடிபி/1.1 பேசினால், 20 கோரிக்கைகளில் 16 உங்கள் கருவியிலேயே காத்திருக்கும். எச்டிடிபி/2 ஆனால் ஒரே இணைப்பில் பல கோரிக்கைகள் ஒன்றாகப் போகும். எண்ணிக்கையை உயர்த்துவதைவிட, சர்வர் நிர்வாகியிடம் எச்டிடிபி/2 கேட்பதே நல்லது. கோரிக்கைக்கு ஒன்றாகப் புதுப்புது யூஆர்எல் செஷன்களை உருவாக்குவதையும் நிறுத்துங்கள். இணைப்பை மறுபடி பயன்படுத்தும் பலன் அதனால் போய்விடும்.

சர்வரிலேயே வரிசை இருக்கலாம். சர்வர் மொழியான பிஎச்பியில் செஷன்களை (ஒவ்வொரு பயனருக்கும் வைக்கும் தற்காலிகத் தரவை) கோப்பில் வைக்கும் இயல்பான முறை, ஒரு கோரிக்கை முடியும் வரை அந்தச் செஷன் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். ஒரே பயனரின் மூன்று கோரிக்கைகள் அங்கே கட்டாயமாக வரிசையாகும். செயலிக்குள் என்ன திருத்தினாலும் இது மாறாது. சர்வர் பக்கத்தில் செஷனை எழுதி முடித்தவுடன் அதை மூடும்படி மாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க, ஒரே கோரிக்கையை இரண்டு வேறு பயனர் கணக்குகளிலிருந்து ஒன்றாக அனுப்பிப் பாருங்கள். அவை இணையாகவும், ஒரே கணக்கிலிருந்து அனுப்பியவை வரிசையாகவும் முடிந்தால் செஷன் பூட்டின் மீதுதான் முதல் சந்தேகம்.

தரவுத்தளம் இருந்தால், ஆப்பிளின் தரவுச் சேமிப்பு நூலகமான கோர் டேட்டாவின் ஒரு கான்டெக்ஸ்ட் தன்னிடம் வரும் வேலைகளை வரிசையாகத்தான் செய்யும் என்பதையும், எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எழுதும் வேலையைப் பல டாஸ்க்குகளாகப் பிரிப்பதால் பயனில்லை. ஒரே ட்ரான்சாக்‌ஷனில் மொத்தமாக எழுதுவதே வேகம்.

8. இணையாக ஓடத் தொடங்கியவுடன் அளவு கட்டுங்கள்

கோளாறு தீர்ந்த மறுநாளே செயலி முடங்கத் தொடங்கலாம். 12 மெகாபிக்சல் புகைப்படம் ஒன்று, 4032 பெருக்கல் 3024 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்ற கணக்கில், டீகோட் செய்தபின் நினைவகத்தில் ஏறத்தாழ 49 எம்பி பிடிக்கும். இதுவரை ஒரு நேரத்தில் ஒன்றாக இருந்தவை இப்போது ஆறாகும். அதாவது 300 எம்பிக்கு அருகில். இடையில் அவெயிட் வரும் பணிகளானால், பாதியில் நிற்கும் படங்கள் ஆறைத் தாண்டியும் குவியும். நினைவகம் போதாதபோது ஐஓஎஸ் செயலியைக் கொன்றுவிடும், பயனருக்கு விளக்கமும் சொல்லாது.

ஆகவே டாஸ்க் குரூப்பில் முதலில் நான்கு பணிகளை மட்டும் சேர்த்து, ஒரு விடை வரும்போதெல்லாம் அடுத்த பணி ஒன்றைச் சேர்க்கும்படி எழுதுங்கள். கணக்குவேலைக்குக் கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டிச் செல்வதில் லாபம் ஏதுமில்லை.

சில பணிகள் வரிசையாகவே இருக்க வேண்டும். லாகின் டோக்கனைப் புதுப்பிப்பது, பணம் செலுத்துவது, ஒரே பதிவின் மீது செய்யும் மாற்றங்களை அனுப்புவது ஆகியவற்றை வேகத்துக்காகப் பிரித்துவிடாதீர்கள்.

9. நேரத்தை எப்படிப் பங்கிடுவது

முதல் மூன்று படிகளையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். 4ஆவது படிக்கு ஒரு முழு வேலைநாளை ஒதுக்குங்கள். ஃபங்ஷன்களைப் பிரித்தெடுக்கும்போது கம்பைலர் காட்டும் சென்டபிள் பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும், அவற்றைப் பொறுமையாகத் தீர்க்க வேண்டும். 7ஆவது படியில் சர்வர் குழுவின் பதிலுக்குக் காத்திருக்க நேரும் என்பதால், 2ஆவது படியின் அளவீட்டில் சந்தேகம் எழுந்த அன்றே அவர்களுக்கு எழுதிவிடுங்கள். அந்தக் கடிதத்தில் ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்க நேரம், முடிவு நேரம், எச்டிடிபி பதிப்பு, ஒரே கணக்கிலிருந்தும் இரு கணக்குகளிலிருந்தும் செய்த சோதனையின் எண்கள் ஆகியவை இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே கருவியில், அதே ரிலீஸ் பில்டில் மறுபடி அளந்து, முன்பு நான்கு விவரங்கள் எழுதிய அதே தாளில் புதிய எண்ணையும் தேதியோடு குறித்து வையுங்கள்; எக்ஸ்கோட் அடுத்து புதுப்பிக்கப்படும்போது ஒப்பிட அந்தத் தாள் தேவைப்படும்.